படலையில் கொழுவிய திறப்பு

அந்த அறிக்கையின் ஆறாம் பிரிவை எழுதியது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை. பதினான்கு பக்கம், இரண்டு வரைபடம், ஓர் அட்டவணை. பிரதேச சபையில் பதினாறு வருடமாக அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். இந்தக் காலத்தில் நான் எழுதிக் குவித்தவற்றில் ஒருவர் கடைசிப் பக்கம் வரை வாசித்தது இது ஒன்றைத்தான். வாசித்தவர் பெயர் சலீமா. அவர் இருப்பது சான்சிபார் தீவில்.

இரண்டு நாட்டு உள்ளூராட்சி சபைகளைச் சோடி சேர்த்துவிட்டு, ஒன்றின் நல்ல நடைமுறையை மற்றது எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. எங்களுக்குச் சோடி சலீமாவின் மாவட்டம். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் இணுவிலுக்கும் சான்சிபாருக்கும் என்ன சம்பந்தம்? பிறகு கதைக்கக் கதைக்கத்தான் விளங்கியது. அங்கேயும் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். குடிப்பதும் பயிருக்கு விடுவதும் நிலத்தடித் தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கடல் உள்ளே வந்துவிடும். எங்கள் பயம்தான் அவர்களின் பயமும்.

அவர்கள் எங்களுக்குத் தந்த விதி இது: புதிதாகக் குழாய்க்கிணறு துளைப்பவர் சுற்றியுள்ள நாலு வீட்டாரின் கையொப்பத்தை வாங்க வேண்டும். எங்கள் சபை அதை உபவிதியாக நிறைவேற்ற இருந்தது. நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தது பங்குக் கிணறு. ஒரு தோட்டக் கிணறு, அதில் நாலு குடும்பத்துக்குப் பங்கு. காணி உறுதிப் பத்திரத்திலேயே அது எழுதியிருக்கும். ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு முறை. நாலு நாளில் சுற்று முடியும், ஐந்தாம் நாள் முதல் ஆளிடமிருந்து திரும்பத் தொடங்கும். மோட்டர் அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு. அந்தத் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவருடைய முறை.

மாதிரிக்கு இணுவிலில் ஒரு கிணற்றை எடுத்தேன். பங்குகாரர் ஏரம்பு, தில்லைநாதன், இராசநாயகம், பத்மாவதி. திறப்பும் இதே ஒழுங்கில்தான் சுற்றும். ஆறாம் பிரிவில் எழுதினேன்: "பங்குகாரரிடையே கருத்து வேறுபாடு எழும்போது அவர்கள் ஒன்றுகூடி, கலந்துரையாடி, இணக்கத்துடன் தீர்த்துக்கொள்வர். முறை முடிந்ததும் திறப்பு அடுத்த பங்குகாரரிடம் கையளிக்கப்படும்." எழுதி முடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

சலீமா வீடியோ அழைப்பில் அந்தப் பிரிவிலேயே நிற்பார். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்தோம், இங்கே தமிழில் தருகிறேன்.

"இரண்டு பங்குகாரர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?"

"கலந்துரையாடுவார்கள்."

"கலந்துரையாடவே மாட்டோம் என்று நின்றால்?"

"அப்படி நடப்பதில்லை."

மூன்று மாதத்தில் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அப்படியே சொன்னேன். தில்லைநாதனும் இராசநாயகமும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை என்று இணுவிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காரணம் என்னவென்று கேட்டால் ஒருவர் முருங்கை மரம் என்பார், ஒருவர் கலியாண வீட்டுப் பந்தி என்பார், இன்னொருவர் அதெல்லாம் இல்லை, தேர்தல் என்பார். விருந்தாளி வரும்போது கால் உடைந்த கதிரையைப் பின்னறையில் வைத்துவிடுகிறோமே, அப்படித்தான் அந்தக் கதையை அறிக்கைக்கு வெளியே வைத்தேன்.

ஆனி மாதம் சலீமாவே நேரில் வந்து இறங்கினார். அவர்களுடைய மாவட்டம் எங்கள் முறையைத் தன் விதிகளில் சேர்க்குமுன் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், தலையில் பச்சைத் துணி, தோளில் ஒரு துணிப்பை, கையில் கொப்பி. நீர்வள அதிகாரி என்றால் அளவுகோலோடு வருவார் என்று நினைத்தேன். இவர் கேள்வியோடு வந்தார். ஒழுங்கையில் நடக்கும்போது இந்தச் செம்மண் எவ்வளவு ஆழம், அந்த மதிலுக்கு ஏன் கண்ணாடித் துண்டு, எல்லா வீட்டிலும் ஏன் பூவரசு என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு வீட்டு வாசலில், பாதி திறந்து கிடந்த படலைக்கு முன்னால் நின்று, "இந்தப் படலையின் உட்பக்கத்தில் ஏன் ஆணி அடித்திருக்கிறார்கள்?" என்றார்.

"ஏதாவது கொழுவத்தான்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அது இராசநாயகத்தின் படலை.

அறிக்கையில் 'ஒன்றுகூடி' என்று எழுதியாயிற்று. ஆகவே ஒரு கூட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசிகசாலை மண்டபத்தை ஒழுங்குபண்ணினேன். 'கையளிக்கப்படும்' என்றும் எழுதியிருந்தேன், ஆகவே கையளிப்பதற்கும் ஒரு படம் வேண்டும். திங்கள் தில்லைநாதனின் முறை. பின்னேரம் அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணை, முறை முடிஞ்சாலும் திறப்பை உடனை குடுத்துப் போடாதேங்கோ. நாளைக்குக் கூட்டத்துக்குக் கையோடை கொண்டு வாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"வந்தவவுக்குக் காட்டத்தான்."

"கூட்டத்திலை குடுக்கிற சாமானோ அது?" என்றார். பிறகு, "சரி, கேட்டிட்டீர். கொண்டு வாறன்," என்று வைத்துவிட்டார்.

நாலு பேரும் வந்தார்கள். தில்லைநாதன் வாசல் பக்கக் கதிரையில் இருந்தார். இராசநாயகம் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு மற்றத் தொங்கலில் இருந்தார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர். நடுவில் ஏரம்புவும் பத்மாவதியும். சபைச் செயலாளர் வரவேற்புரை சொன்னார். எங்கள் சபையின் டினேஸ் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் எழும்பி, இப்போது திறப்புக் கையளிப்பு நடைபெறும் என்று அறிவித்தேன்.

தில்லைநாதன் திறப்போடு எழுந்து முன்னால் வந்தார். இராசநாயகம் எழும்பவில்லை.

"இராசநாயகம் அண்ணை, ஒருக்கா வாங்கோ."

அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். நான் திரும்பவும் கூப்பிட்டேன். ஃபேனையே பார்த்தார். அரை நிமிடம் போயிருக்கும். தில்லைநாதன் திறப்பை மேசையில் வைத்தார்.

"நான் கொண்டுவந்திட்டன்," என்று மேசையிடம் சொன்னார்.

"எனக்கு ஒண்டும் வந்து சேரேல்லை," என்று இராசநாயகம் ஃபேனிடம் சொன்னார்.

சலீமா என் பக்கம் சாய்ந்து, "இந்த இரண்டு பேரும் கதைப்பதில்லையா?" என்றார். குரலில் குற்றம் இல்லை. நெடுநாள் தேடிய ஒன்றைக் கண்டவர் கேட்பதுபோல் ஆவலாகக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் பத்மாவதி. நான் மழுப்பினேன். ஆனால் ஏரம்பு கொழும்புத் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர், அவர் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். பத்மாவதிக்கு ஒளிப்பு மறைப்புத் தெரியாது. சலீமாவுக்கு இரண்டு கையையும் விரித்துப் பத்து விரல் காட்டினார். பிறகு ஒரு விரல்.

தில்லைநாதன் முன் வாசலால் போனார். இராசநாயகம் பின் வாசலால் போனார். திறப்பு மேசையிலேயே கிடந்தது. செயலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திறப்பை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன்.

அது தீராத தொல்லை என்று பின்னேரம்தான் விளங்கியது. இராசநாயகம் வீட்டுக்குப் போய்த் திறப்பை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்ரை முறைக்குத் திறப்பு என்ரை படலைக்கு வரும். இருபத்தாறு வருசமா அப்பிடித்தான் வாறது. எனக்கு முந்தின ஆள் பொழுதுபடக் கொழுவிப்போட்டுப் போவார், நான் விடிய எடுப்பன். அவர் கொழுவேல்லை."

"அப்ப நான் கொழுவிவிடுறன் அண்ணை."

"நீர் ஆர் பிள்ளை? நீர் பிரதேச சபை. இண்டைக்கு நான் சபையின்ரை கையாலை திறப்பை எடுத்தால், நாளைக்கு உந்தக் கிணறு ஆரின்ரை எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

திறப்பைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன். அவர் கேட்டதில் பிழை இல்லை. தில்லைநாதனிடம் போனேன். அவர் படலையைத் திறக்காமலே கதைத்தார்.

"கொண்டு வரச் சொன்னது நீர். வைச்சது நான். குடுத்ததைத் திரும்ப வாங்கிற பழக்கம் எனக்கில்லை."

"அண்ணை, தண்ணி நிக்குது."

"நிப்பாட்டினது நானில்லை," என்று உள்ளே போய்விட்டார். அதிலும் பிழை இல்லை. அன்று இரண்டு வீட்டுக்கும் மூன்று தரம் அலைந்தேன். அறிக்கை எழுதும்போது அந்த வீடுகளுக்கு ஒரு தரம்கூட நான் போகவில்லை. எல்லாவற்றையும் ஏரம்பு வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டு எழுதியவள் நான்.

புதன் பத்மாவதியின் முறை. நாலு பரப்புக் காணியில் சின்ன வெங்காயம் நட்டு இருபத்தைந்து நாள். கடைசியாக அவர் தண்ணீர் விட்டது சனிக்கிழமை. சோளகக் காற்று வேறு வீசி மண்ணை உலர்த்திக்கொண்டிருந்தது. நானும் சலீமாவும் போனபோது பத்மாவதி வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குடம் குடமாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக் கிணறு ஆழம் குறைந்தது, மோட்டர் போட்டால் அரை மணித்தியாலத்தில் சேறு வரும். வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் கட்டியிருந்தது. குடத்துத் தண்ணீர் விழுந்த இடத்தில் சத்தம் வந்தது, ஈரம் நிற்கவில்லை.

"எத்தனை நாள் தாங்கும் அக்கா?"

"நாளைக்கு மத்தியானம். அதுக்குப் பிறகு தண்ணி விட்டாலும் ஒண்டுதான், விடாட்டிலும் ஒண்டுதான். இந்த முறை எங்களுக்கு வேறை ஒண்டும் இல்லைப் பிள்ளை. இது மட்டும்தான்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். எங்களை இறக்கிவிட வந்த டினேஸ் பூட்டை வெட்டுவோம் என்றான், சபையில் வெட்டுகிற சாமான் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. பத்மாவதி குடத்தை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, ஒருக்கா வெட்டினால் பிறகு அது பூட்டில்லை. வெட்டுற சாமான் வைச்சிருக்கிறவனின்ரை கிணறு."

"ரெண்டாவது திறப்பு ஒண்டு இருக்குமே அக்கா? எந்தப் பூட்டு வாங்கினாலும் ரெண்டு தருவாங்கள்," என்றேன்.

"இருக்கு. கிணத்துக்குள்ளை."

"விழுந்திட்டுதோ?"

"போட்டது. பூட்டு வாங்கின அண்டைக்கு நாலு வீட்டாரும் நிண்டு, ஒண்டை எடுத்துத் தண்ணிக்குள்ளை போட்டவை. ஆரிட்டையும் மேலதிகமா ஒண்டு இருக்கப்படாது எண்டு."

இதைச் சலீமாவிடம் சொன்னேன். அவர் நடுத் தோட்டத்தில் அப்படியே நின்றுவிட்டார். கொப்பியை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, "இது உங்கள் பதினான்கு பக்கத்தில் இல்லையே?" என்றார்.

"எனக்கே இப்போதுதான் தெரியும்."

"படலையில் ஆணி?"

"அதுவும் நேற்றுத்தான்."

சலீமா கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். நானும் ஒன்றைத் தூக்கினேன். பின்னேரம் வரை மூன்று பேரும் நடந்தோம். நாலாவது நடையிலோ ஐந்தாவதிலோ அவர் சொல்லத் தொடங்கினார்.

"எங்கள் ஊரில் ஒரு பொதுக் கிணறு. பம்பு அறைக்குப் பூட்டு இருக்கிறது. ஒன்பது பேர் கொண்ட குழு. குழுவில் இரண்டு பெண்கள் கோபித்துக்கொண்டார்கள். ஒருத்தி வந்தால் மற்றவள் வரமாட்டாள். குழு கூடி முடிவு எடுக்காமல் பம்பைத் திறக்கக் கூடாது என்பது விதி. பதினான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் நடக்கிறார்கள்." குடத்தைக் காட்டினார். "அந்த விதியை எழுதியது நான்."

என் குடத்தை இறக்கி வைத்தேன்.

"அதனால்தான் மூன்று தரம் கேட்டேன்," என்றார்.

வெட்கம் என்றால் அன்று பட்டதுதான். என்னிடம் அவருக்குத் தேவையான ஒரே ஒரு விஷயம் இருந்தது. கதைக்காத இரண்டு பேருக்கு நடுவே பதினொரு வருடமாகத் தண்ணீர் ஓடியிருக்கிறது. அதைத்தான் நான் அசிங்கம் என்று ஒளித்து வைத்தேன். ஒளித்தது போதாதென்று, என் அழகான வசனத்தை மெய்யாக்கப் போய் ஓடிய தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் சலீமாவிடம் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் கொஞ்சம் சிரித்தார். "நாங்கள் தந்த கையொப்ப விதியில் நானும் ஒன்றை எழுதவில்லை. கையொப்பம் கேட்டுப் போகிறவர் கோழியோடு போவார். நாலு வீட்டிலும் கோழிக்கறி. சாப்பிட்ட பிறகு எப்படி மாட்டேன் என்பது? இரண்டு வருடத்தில் ஒருவரும் மறுத்ததில்லை. அறிக்கையில் நூறு வீதம் இணக்கம் என்று போட்டிருக்கிறேன்."

பத்மாவதி என்ன சிரிப்பு என்று கேட்டார். சொன்னேன். "இஞ்சை எண்டால் கோழி வேண்டாம், ஒரு கிலோ திராட்சை போதும்," என்றார் அவர்.

பொழுது சாயும்போது குடங்களைக் கவிழ்த்துவிட்டு வரம்பில் இருந்தோம். பாதிப் பாத்திகூட நனையவில்லை. சலீமா மண்ணில் ஒரு வட்டம் கீறி நாலு புள்ளி வைத்தார். ஒரு புள்ளியிலிருந்து மற்றதுக்கு விரலை நகர்த்திக்கொண்டு போனார்.

"திறப்பு கடைசியாகச் சரியான இடத்தில், சரியான ஆளால் கொழுவப்பட்டது எப்போது?"

யோசித்தேன். "ஞாயிறு பின்னேரம். ஏரம்பு அண்ணை தில்லைநாதனின் படலையில் கொழுவியது."

"அப்படியானால் அவர் கையாலேயே அங்கே திரும்பப் போகட்டும். கூட்டம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்."

நல்ல யோசனைதான். ஆனால் அதன் கணக்குக் கொடூரமானது. நாளை வியாழன் தில்லைநாதனுக்கு, வெள்ளி இராசநாயகத்துக்கு. பத்மாவதிக்கு வரும்போது சனி. பத்மாவதி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார், வட்டத்தையும் பார்த்தார். நான் மொழிபெயர்க்க முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்குச் சனிக்கிழமை வரும். என்னத்துக்கு வரும்? வைக்கோலுக்கோ?" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி பிள்ளை. இதை விட்டால் திறப்பு ஒருநாளும் ஓடாது. ஓடட்டும். ஏரம்பு அண்ணையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ, நான் ஓமெண்டனான் எண்டு."

ஏரம்புவிடம் போனோம். அவர் என் கையிலிருந்து திறப்பை வாங்கும்போது கேட்டது ஒன்றுதான். "பத்மாவதி ஓமெண்டவவோ?" ஓம் என்றேன். மடியில் செருகிக்கொண்டார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு நானும் சலீமாவும் ஒழுங்கை முடக்கில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் மூன்று படலையும் தெரியும். போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். சலீமா விடவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டும், எனக்கும்தான். ஏரம்பு வந்து தில்லைநாதனின் படலைக்குள் கையை விட்டுத் திறப்பைக் கொழுவிவிட்டு, எங்களைக் காணாதவர்போலத் திரும்பிப் போனார்.

கால் மணித்தியாலத்தில் தில்லைநாதன் பேப்பர் எடுக்க வெளியே வந்தார். படலையில் கை வைத்தவர் நின்றார். ஆணியில் தொங்கியதைப் பார்த்தார். ஒழுங்கையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சரி, இனி மோட்டர்ச் சத்தம் கேட்கும், இன்றைய நாள் அவருக்கு என்று நினைத்தேன். தோட்டப் பக்கம் பத்மாவதி குடத்தோடு போவது தெரிந்தது. தில்லைநாதனின் முற்றத்தில் நின்று பார்த்தாலும் அது தெரியும்.

மோட்டர்ச் சத்தம் கேட்கவில்லை. அவர் சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வந்தார். எங்களைக் கடந்துதான் போனார். சலீமாவுக்குத் தலையை ஆட்டினார், என்னைப் பார்க்கவில்லை. இராசநாயகத்தின் படலைக்கு முன்னால் ஒரு கணமும் நிற்காமல், போகிற போக்கில் கையை உள்ளே விட்டுத் திறப்பைக் கொழுவினார். பிறகு கடைப் பக்கம் நடந்தார். தன்னுடைய நாளை அவர் விட்டுவிட்டார். எனக்கு அது விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"இனி இவர்," என்றார் சலீமா மெதுவாக.

இராசநாயகம் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும். உடனே வந்தார். ஊன்றுகோலைப் படலையில் சாத்திவிட்டுத் திறப்பைக் கையில் எடுத்தார். நேரத்தைப் பார்த்தார். ஒரு ஆள் கொழுவ வேண்டியது பொழுதுபடும்போது. இது விடியற்காலை. தில்லைநாதன் இறைக்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். தில்லைநாதன் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊன்றுகோலை எடுத்தார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்த மனிதன், இருநூறு மீற்றர் தூரம் நடந்து, பத்மாவதியின் படலையில் திறப்பைக் கொழுவிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்மாவதியின் படலையடிக்குப் போய், திறப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் விட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி. சலீமா என் கையைப் பிடித்தார்.

"தொட வேண்டாம். நீங்கள் தொட்டால் திரும்பவும் மேசைதான்."

அந்தப் பத்து நிமிடம் போனதை நான் மறக்கமாட்டேன். பத்மாவதி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். படலையைத் தள்ளினார். ஆணியில் ஏதோ ஆடியது. குடத்தை இறக்கி வைத்தார்.

"இண்டைக்கு என்ரை முறை இல்லையே," என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு தலையைத் திருப்பி ஒழுங்கையைப் பார்த்தார். முதலில் இராசநாயகத்தின் வீடு, அதற்கப்பால் தில்லைநாதனின் வீடு. "ரெண்டு பேரும் விட்டிட்டினம்," என்றார். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. இத்தனை வேகமாக நடக்கக்கூடியவர் என்று எனக்குத் தெரியாது. மோட்டர்ச் சத்தம் கேட்டபோது மணி ஏழு பத்து.

முதல் இரண்டு பாத்தி போய்விட்டது. மிச்சம் தப்பியது. முழு நாளும் அவருக்கு உரியது, ஆனால் மத்தியானமே மோட்டரை நிறுத்தினார். திறப்பை ஏரம்புவின் படலைக்குக் கொண்டுபோகவில்லை. எதிர்ப்பக்கம் நடந்து, மிச்ச அரை நாளுக்கென்று தில்லைநாதனின் படலையில் கொழுவிவிட்டு வந்து சோறு சமைத்தார்.

வெள்ளிக்கிழமை சபைக் கந்தோரில் இருந்துகொண்டு ஆறாம் பிரிவை அழித்தேன். புதிதாக எழுதினேன்: "பங்குகாரர் ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டியதில்லை. திறப்பைக் கையில் கொடுக்கக் கூடாது, படலையில் கொழுவ வேண்டும். அதைப் பங்குகாரரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டாவது திறப்பைக் கிணற்றில் போட வேண்டும்." செயலாளர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உதென்ன பிள்ளை, ஊர்ச் சண்டையை வெளிநாட்டுக்கு அனுப்புறீரோ?"

"ஓம் சேர். அவைக்குத் தேவைப்பட்டது அதுதான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். கோழிக் கதையையும் சொன்னேன். எங்கள் உபவிதியில், அயலவர் சபைக்கு வந்துதான் கையொப்பம் வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. திராட்சைக்கு அது போதுமா என்று இன்னும் தெரியாது.

சலீமா போய் மூன்று மாதத்தின் பின் ஒரு படம் அனுப்பினார். நீல நிறம் அடித்த ஒரு பழைய மரக்கதவு. கதவில் புது ஆணி. ஆணியில் ஒரு திறப்பு. கீழே இரண்டே வரி எழுதியிருந்தார்.

"அவர்கள் இன்னும் கதைப்பதில்லை. தண்ணீர் வருகிறது."